ஆவுடையப்பன் வீட்டு கேஸ் வண்டி

அண்ணன் கார் வாங்கப் போகிறான் என்பதை முதலில் என்னிடம்தான் சொன்னான். 1996 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய டைரியில், "அண்ணன் லைனிலிருந்து வந்தான். கார் என்கிறான். யோசிக்க வேண்டும்" என்று மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. யோசிக்க வேண்டும் என்று நான் எழுதாத நாட்கள் அந்த வருடத்தில் குறைவு.

அண்ணன் சங்கிலிப்பாண்டி லைன் லாரி டிரைவர். ராஜபாளையத்திலிருந்து பேண்டேஜ் துணி ஏற்றிக்கொண்டு நாக்பூர், கல்கத்தா என்று போவான். நாற்பது நாளைக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவான். மூன்று நாள் இருப்பான், அதில் ஒரு நாள் முழுக்கத் தூங்குவான். அப்பா இறந்தபோது அவனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. கருமாதி முடிந்த மறுநாள் கிளீனராக லாரியில் ஏறியவன்தான். நான் பள்ளிக்கூடம் போனேன். முடித்தேன். ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் கிளார்க் ஆனேன். சாயங்காலம் ஆறு மணிக்கு டைப்ரைட்டிங் ஹையர் வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தேன். அவன் ஓட்டியதால்தான் நான் உட்கார்ந்து எழுத முடிந்தது. இதை அவன் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அவன் மகள் ரத்தினத்துக்கு அப்போது நான்கு வயது. அவள் அவனை "லாரி மாமா" என்றுதான் கூப்பிடுவாள். தெருவில் யாரோ விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அவன் ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டு வந்திருந்தான். அவள் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டி வந்து என் மடியில் உட்கார்ந்து, "உரிச்சுக் குடுங்க சித்தப்பா" என்றாள்.

அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் பாதி உரித்தபோது சொன்னான்.

"ஏலே பொன்னு, இனிமே லைன் போறதா இல்ல. ஒரு பழைய காரை வாங்கி டவுனுக்குள்ள ஓட்டப் போறேன். ஆஸ்பத்திரி, கல்யாண வீடு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைய. மிஞ்சிப்போனா ஸ்ரீவில்லிபுத்தூர். சாயந்தரமானா வீட்ல சோறு."

"டவுனுக்குள்ள ஓட்டுனா பெட்ரோல் குடிச்சிரும்ணே. பத்தடிக்கு ஒருக்கா நிறுத்தணும்."

"அதுக்குத்தான் பாத்து வச்சிருக்கேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆவுடையப்பன்னு ஒருத்தர் வீட்ல ஒரு பத்மினி கார் நிக்குது. பெட்ரோல்லயும் ஓடும், கேஸ்லயும் ஓடும்."

"கேஸ்னா?"

"அடுப்புல எரியுதுல்ல, அதே கேஸுதான். டிக்கில சிலிண்டர் இருக்கும். பாதிக் காசுல ஓடும்ங்கான் மெக்கானிக் காளிராஜு."

அடுப்படியிலிருந்து மதினி சண்முகத்தாயின் குரல் வந்தது. "அப்ப வண்டிலயே சோறும் பொங்கிக்கிடலாம். எனக்கு ஒரு வேலை மிச்சம்."

அண்ணன் சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஒரு லிஸ்ட் போடு. ஓட்டிப் பாக்கது நானு. மத்ததெல்லாம் நீ பாக்கணும். எனக்கு வண்டி பிடிச்சிருச்சுன்னா குத்தங்குறை கண்ணுக்குத் தெரியாது" என்றான்.

லிஸ்ட் போடுவது எனக்கு வரும். அந்த வாரம் முழுக்கப் போட்டேன். மில் வொர்க்‌ஷாப்பில் இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு முப்பத்தொன்று சேர்ந்தது. எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், தரையில் எண்ணெய்ச் சொட்டு, கதவுக்கு அடியில் துரு, நான்கு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்பது வரை. வகுப்பில் அதை டைப் அடித்து, எதிரே "சரி", "சரியில்லை" என்று இரண்டு கட்டம் வைத்தேன். பிறகு "சந்தேகம்" என்று மூன்றாவது கட்டம் ஒன்றும் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனோம். அண்ணன், மதினி, ரத்தினம், நான், பிறகு ராஜபாளையத்தில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் காளிராஜ். ஆவுடையப்பன் மடவார்வளாகம் பக்கம் ஒரு தெருவில் இருந்தார். நெல் மண்டி வைத்திருந்து, பிறகு அதை விட்டுவிட்டவர். புதிதாக ஒரு மாருதி வாங்கி அதை வாசலிலும், பத்மினியைப் பக்கத்துச் சந்திலும் நிறுத்தியிருந்தார். பத்மினி வெளிர் மஞ்சள் நிறம். 84 மாடல்.

நான் அட்டையும் பேனாவுமாகக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்ததும் அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "தம்பி பொண்ணு பாக்க வந்தாக்கூட இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்டாரு போலயே."

"பொண்ணுக்கு டிக்கில சிலிண்டர் இருக்காதுல்ல அண்ணாச்சி" என்றான் காளிராஜ்.

"அதெப்படிச் சொல்லுத? எங்க வீட்ல வந்து பாரு" என்றார் அவர். உள்ளே இருந்து ஒரு பெண் குரல், "கேக்குது, கேக்குது" என்றது.

டிக்கியைத் திறந்தார்கள். அடுப்புக்கு வாங்கும் அதே சிவப்பு சிலிண்டர், இரும்புப் பட்டை போட்டுப் படுக்க வைத்துக் கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் வண்டிக்கு அடியில் போய் முன்னால் எஞ்சினில் ஏறியது. ஆர்.சி. புத்தகத்தில் கேஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று தெரியாமல் சிறிது நேரம் நின்றேன்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருந்தார்கள். மேலே தள்ளினால் பெட்ரோல், கீழே தள்ளினால் கேஸ், நடுவில் இரண்டும் இல்லை. காளிராஜ் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தான். "பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணுங்க. செத்த நேரம் சூடாகட்டும். பொறவு நடுவுல வச்சிருங்க. கார்புரேட்டர்ல மிச்சம் கிடக்கிற பெட்ரோல் தீரணும். தீந்ததும் வண்டி விக்குற மாதிரி இழுக்கும். அப்பக் கேஸுக்குத் தட்டணும். முன்னாடியே தட்டுனா அடைச்சுக்கிடும். லேட்டாத் தட்டுனா நின்னுக்கிடும்."

ராஜபாளையம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். முன் சீட்டில் அண்ணன், பக்கத்தில் மதினி, மதினி மடியில் ரத்தினம். பின்னால் நானும் காளிராஜும். ஊரைத் தாண்டியதும் அண்ணன் சுவிட்சை நடுவில் வைத்தான். ரத்தினம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டுதியா?" என்று கேட்டான்.

அவள் கையை நீட்டினாள்.

"நான் சொல்ற வரைக்கும் தட்டக் கூடாது. வண்டிக்கு விக்கல் வரும். வந்த உடனே சொல்லுவேன். கேட்டியா?"

அவள் விரலை சுவிட்ச் மேல் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி கொஞ்ச தூரம் சாதாரணமாக ஓடியது. பிறகு ஒரு முறை முன்னால் தள்ளி இழுத்தது.

"இப்ப."

தட்டினாள். வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டு, வேறொரு சத்தத்தில் சீராக ஓட ஆரம்பித்தது. அவள் சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அப்பா, இன்னொருக்கா" என்றாள்.

அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணன் சுவிட்சை மறுபடி பெட்ரோலுக்குத் தள்ளினான், மறுபடி நடுவில் வைத்தான், மறுபடி காத்திருந்தான். திரும்பி வருவதற்குள் நாலைந்து முறை அப்படிச் செய்தார்கள். வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனவன் அதைப் பார்க்கவே இல்லை.

நான் பின் சீட்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். லேசாகக் கேஸ் வாசம் வந்தது. ஒரு சமயம் வந்தது, ஒரு சமயம் வரவில்லை. அன்றைய டைரியில் அதுதான் இருக்கிறது: "எண் 24. கேஸ் வாசம், லேசாக, பின் சீட்டில். சந்தேகம்." ரத்தினம் அவனை அப்பா என்று கூப்பிட்டது அதில் இல்லை. நான் எழுதவில்லை.

இறங்கியதும் காளிராஜிடம் சொன்னேன். அவன் டிக்கிக்குள் தலையை விட்டு முகர்ந்துவிட்டு, "வாஷர் தேஞ்சிருக்கும். மாத்திரலாம் தம்பி" என்றான். எந்த வாஷர் என்று கேட்டேன். "பிரிச்சாத்தான தெரியும்" என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அது போதவில்லை.

முப்பத்தொன்றில் இருபத்திரண்டு சரி, ஐந்து சரியில்லை, நான்கு சந்தேகம். ஒரு நல்ல வண்டியின் லிஸ்ட் அப்படித்தான் இருக்கும் என்று மில் வொர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். ஆனால் நான் கணக்கைப் பார்க்கவில்லை. அந்த நான்கைத்தான் பார்த்தேன். பின் சீட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் சிலிண்டர் படுத்திருக்கிறது, அவர்களுக்கு நடுவில் ரத்தினம். இது திரும்பத் திரும்ப வந்தது.

செவ்வாய்க்கிழமை அண்ணன் டைப்ரைட்டிங் வகுப்புக்கு வெளியே வந்து நின்றான். இருவரும் எதிர்க் கடையில் டீ சாப்பிட்டோம்.

"என்னலே, என்ன முடிவு பண்ணிருக்க?"

"நான் என்னண்ணே முடிவு பண்ண? நீதான..."

"நான் பண்ணுனா வாங்குன்னுதான் பண்ணுவேன். நீ பாத்தவன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. விட்டுருதேன். வேற வண்டி பாப்போம். இல்லைன்னா ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம். எனக்கு ஒன்னும் வருத்தமில்ல."

"இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்ணே."

புதன்கிழமை காலையில் குளித்துக்கொண்டே கேட்டான். அதையே சொன்னேன். வியாழக்கிழமை மறுபடி கேட்டான். லாரி ஆபீசிலிருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டதாகவும், வருகிறானா இல்லையா என்று சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். அப்போதும் நான் அதையே சொன்னேன். வாங்கு என்று சொல்லி ஏதாவது நடந்தால் அது நான் சொன்னதால் நடந்தது. வேண்டாம் என்று சொன்னால் அவன் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்துக்கு நான் காரணமாக இருக்க முடியாது என்று நினைத்தேன். அவனுக்கு நான் பட்ட கடன் அப்படி.

எங்கள் அம்மா வெள்ளத்தாய்தான் வழி சொன்னாள். "என்னத்துக்குப் போட்டு மருகுதீக? ஆத்தாகிட்டப் பூக்கட்டிப் பாத்துருவோம்."

எங்கள் ஊர்ப்பக்கம் இது வழக்கம். வீடு மாறுவதா, பெண் கொடுப்பதா, கிணறு வெட்டுவதா என்று முடிவுக்கு வராவிட்டால் சாமியிடம் விட்டுவிடுவார்கள். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே அளவாக மடித்து, ஒரே மாதிரி நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். கட்டுகிறவன் குளித்து, சாப்பிடாமல், மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் கட்ட வேண்டும் என்பார்கள்.

மம்சாபுரம் போகிற வழியில் ஒரு கண்மாய்க் கரையில் எங்கள் பேச்சியம்மன் இருக்கிறாள். அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை காலை, நான் மில்லுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு எல்லோருடனும் போனேன். யார் கட்டுவது என்று பூசாரி கேட்டார்.

"எங்க கணக்குப்பிள்ளை இருக்கான்ல, அவன் கட்டட்டும். ரெண்டும் ஒரு நூல் பிசகாம இருக்கும்" என்றாள் அம்மா.

"முப்பத்தொன்னாவது பொட்டலம் எதுன்னு மட்டும் கேட்டுக்கோங்க அத்த" என்றாள் மதினி. அண்ணன்கூடச் சிரித்தான்.

கட்டுவதை யாரும் பார்க்கக் கூடாது. நான் பூவையும் இலையையும் நாரையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஒரு கையில் செவ்வரளி, ஒரு கையில் நந்தியாவட்டை. சிவப்பை வைத்து முதல் பொட்டலத்தைக் கட்டினேன். இரண்டாவது இலையை விரித்தேன். அப்போதுதான் தோன்றியது. முன்னால் தோன்றவே இல்லை. இதைத் திட்டம் போட்டுச் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. வெள்ளை வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எதையோ எடுத்து, அதனால் அந்தப் பிள்ளையே அந்த வண்டியில் உட்கார்ந்து போவதா என்று நினைத்தேன். சிவப்பு வந்தால் அண்ணன் என்மேல் வருத்தப்பட மாட்டான், அம்மன் சொன்னதாக எடுத்துக்கொள்வான் என்றும் நினைத்தேன். இதில் எது முதலில் வந்தது என்று இன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது இலையிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன். நந்தியாவட்டையைக் கசக்கி வேலிச் செடிக்குள் எறிந்தேன்.

ரத்தினத்தைத் தூக்கி அம்மன் முன்னால் இறக்கி, "ஒன்னை எடு தாயி" என்றார் பூசாரி. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவ்வளவு கவனமாக ஒரு பிள்ளை தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை. வலது பக்கத்தில் இருந்ததை எடுத்துப் போய் அண்ணனிடம் கொடுத்தாள். அவன் பிரித்தான்.

செவ்வரளி. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சரி, ஆத்தா வேண்டாம்ங்கா. விட்டுரு" என்றாள். அண்ணன் தலையை ஆட்டினான். மீதிப் பொட்டலத்தைத் தானே எடுத்துக்கொண்டு கண்மாயில் விட இறங்கிப் போனான். கொஞ்ச நேரம் கழித்து ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தான். என்னைப் பார்த்தான்.

"டீ சாப்பிடுதியாலே?" என்று கேட்டான்.

கடையில் டீக்குக் காசு கொடுத்தான். வழியில் யாரிடமும் பேசவில்லை. வருத்தம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைய டைரியில் "அம்மன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நல்லதுக்குத்தான்" என்று எழுதியிருக்கிறேன். என் டைரியில் நானே பொய் எழுதியது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகும் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கிளம்பிவிட்டான். பழைய லாரி ஆபீசுக்குப் போகவில்லை. சங்ககிரியில் ஒரு ஓனரிடம் லாரி ஓட்டச் சேர்ந்திருப்பதாகப் பத்து நாள் கழித்து அம்மாவுக்கு ஒரு கார்டு வந்தது. முன்பெல்லாம் அவன் கார்டு போட்டால் கடைசி வரி, "பொன்னு ஒழுங்காகப் பரீட்சை எழுதுகிறானா" என்று இருக்கும். இதில் அந்த வரி இல்லை. இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த கார்டிலும் இல்லை.

நாற்பது நாள் ஆயிற்று, வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை. ரத்தினம் தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் "அப்பா எப்ப வருவாக?" என்று கேட்க ஆரம்பித்தாள். இப்போது அவளுக்கு அந்த வார்த்தை நன்றாக வந்தது. அம்மா அவளைச் சீண்டுவாள். "ஏட்டி, நீதானட்டி செவப்பை எடுத்த? வெள்ளையை எடுத்திருந்தா உங்கப்பன் இந்நேரம் வாசல்ல காரை நிறுத்திருப்பான்ல." பக்கத்து வீட்டுக்காரர்களும் அதையே சொல்லிச் சிரிப்பார்கள். ரத்தினம் சிரிக்க மாட்டாள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

பத்மினியைப் பால்பாண்டி என்று ஒருவர் வாங்கினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஓட்டினார். காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மில் வாசல் வழியாகவே போவார். நான்கு மாதம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிப்ரவரியில் ஒரு நாள் அவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"வண்டி எப்படி அண்ணாச்சி?"

"பாலு மாதிரி ஓடுது."

"பின் சீட்ல கேஸ் வாசம் வருமாமே."

"வந்துச்சு. ஒரு வாஷர் மாத்துனேன். அம்புட்டுத்தான், போயிருச்சு. ஏன், உங்களுக்கு வண்டி வேணுமா?"

இல்லை என்றேன். அன்றைக்கு வகுப்பில் ஒரு பக்கம் டைப் அடிக்கப் பதினேழு தப்பு வந்தது.

ஜூன் மாதம் அண்ணன் அரை நாள் வந்தான். ரத்தினம் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. என்னிடம், "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டான். தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடம் கேட்பதுபோல் கேட்டான். நான் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். "லோடு நிக்குது. பொறவு பேசுவோம்" என்று கிளம்பிவிட்டான். அவன் போன பிறகு அம்மா அழுதாள். "சாமி சொல்லிச்சு, நாம கேட்டோம். பூக்கட்டிப் பாப்போம்னு சொன்னது நாந்தான். அதுக்காவ பெத்தவமேல இம்புட்டுக் கோவமா?" என்றாள். அவன் கோபம் தன்மேல்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். இல்லை என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை.

டிசம்பரில், சங்ககிரியிலேயே ஒரு அறை எடுத்துவிட்டதாகவும் மதினியும் பிள்ளையும் வந்துவிட வேண்டும் என்றும் கார்டு வந்தது. அம்மா போகவில்லை. அவளை அண்ணன் கூப்பிடவும் இல்லை. 1997 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு டிரங்குப் பெட்டியையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். மதுரை போய் அங்கிருந்து மாற வேண்டும். பஸ் நின்றுகொண்டிருந்தது, டிரைவர் இன்னும் வரவில்லை. மதினி பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போனாள். ரத்தினம் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஐந்து முடிந்திருந்தது.

"சித்தப்பா, அங்க போனா அப்பா என்னைய ஏசுவாகளா?"

"எதுக்கு ஏசப் போறாக?"

"நான் செவப்பை எடுத்துட்டேன்ல" என்றாள். "எடது பக்கத்துல இருந்ததை எடுக்கலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். பொறவு இதை எடுத்துட்டேன். அதை எடுத்திருந்தா அப்பா நம்ம வீட்லயே இருந்திருப்பாகல்ல."

பதினான்கு மாதம். எந்தப் பக்கத்தில் எது இருந்தது என்பதுவரை அவள் வைத்திருந்தாள். அவளைப் பஸ்ஸில் ஜன்னல் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு இறங்கி மதினியிடம் வந்தேன்.

"மதினி, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். அன்னைக்குக் கோயில்ல..."

"தெரியும்" என்றாள் மதினி.

நான் நின்றுவிட்டேன்.

"கண்மாய்ல விடப் போனாகல்ல, கையில இருக்கும்போதே நாரு அவுந்துக்கிடுச்சாம். உள்ளயும் செவப்பு. வீட்டுக்கு வந்ததும் எங்கிட்டச் சொல்லிட்டாக."

"எங்கிட்ட ஏன் மதினி கேக்கல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'மூணு நாளு அவங்கிட்டக் கேட்டேன். வேண்டாம்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா விட்டிருப்பேன். எங்கிட்ட வாயத் தெறந்து சொல்ல அவனுக்கு அப்படி என்ன பயம்? நான் என்ன அவனை அப்படியா வளத்தேன்? இனிமே அவங்கிட்ட நான் எதைக் கேட்டாலும், சொல்லுத பதிலு நெசமா பொய்யான்னு எனக்கு எப்படித் தெரியும்?'ன்னாக. பொறவு அதைப்பத்திப் பேசவே இல்ல."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"பிள்ளைகிட்டயாவது சொல்லிருக்கலாம்ல. தான் எடுத்ததுனாலதான் எல்லாம்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

மதினி என்னைப் பார்த்தாள். பிள்ளை அப்படி நினைப்பதை அவள் அறிந்திருக்கவில்லை. பிஸ்கட் பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லக் கூடாதுன்னுட்டாக" என்றாள். "'அவளுக்குச் சித்தப்பன்னா உசுரு. நான் ஊர்ல இல்லாதப்ப அவன் மடியிலதான் கிடந்தா. எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும், அது அவளுக்குத் தெரிய வேண்டாம்'னாக."

டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். நான் மதினிக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி, ரத்தினத்தின் சீட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றேன்.

"ரத்தினம், நான் சொல்றதைக் கேளு. நீ எடுத்தது ஒன்னும் தப்பில்ல. அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புப் பூதான் இருந்துச்சு. எடது பக்கத்துல இருந்ததை எடுத்திருந்தாலும் செவப்புதான் வந்திருக்கும்."

அவள் யோசித்தாள்.

"வெள்ளை இல்லவே இல்லையா?"

"இல்ல."

"அப்ப நான் தப்பா எடுக்கலையா?"

"நீ எடுக்கல தாயி. அப்படிக் கட்டுனது நான். சித்தப்பாதான் கட்டுனேன்."

கண்டக்டர் தோளைத் தட்டினார். "நீங்க டிக்கெட்டா?"

"இல்ல. ஏத்திவிட வந்தேன்."

"அப்ப இறங்குங்க, எடுக்கப் போறோம்."

மதினி உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் இறங்கிச் சுற்றி ஜன்னல் பக்கம் வந்து நின்றேன். ரத்தினம் கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்தாள். கோபமாக இல்லை. விளங்காத ஒன்றைக் கேட்கிற முகம்.

"எதுக்குச் சித்தப்பா அப்படிக் கட்டுனீக?"

வண்டி நகர ஆரம்பித்தது. நான் கூடவே நடந்தேன். சொல்ல வேண்டும் என்றுதான் நடந்தேன். வாசம் வந்தது, பயந்துவிட்டேன், உன் அப்பாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. மூன்று வாக்கியம்தான். அதில் எதை முதலில் சொல்வது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து பஸ் திரும்பியது. நான் பதில் சொல்வேன் என்று அவள் கடைசிவரை கம்பியிலிருந்து முகத்தை எடுக்காமல் பார்த்துக்கொண்டே போனாள்.